வாக்குத் தவறலாமா அரசன்?

1502-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள். இத்தாலியின் ரொமாஞா பகுதியிலுள்ள செசேனா என்னும் ஊரில் பொழுது புலர்ந்தபோது, சதுக்கத்திற்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். சில நாட்களுக்கு முன்புவரை அப்பகுதியை ஆட்டிப்படைத்த ஆளுநர் ரெமிரோ தெ ஓர்கோவின் உடல் இரு கூறாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மரக்கட்டையும் இரத்தம் தோய்ந்த கத்தியும் இருந்தன. இப்படி நேர்ந்ததற்குக் காரணம் என்ன என்பது கூடியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அந்நாட்களில் ஃபிளாரன்ஸ் குடியரசின் பிரதிநிதியாக 33 வயது அதிகாரி ஒருவர் செசேனாவில் தங்கியிருந்தார். அவர் பெயர் நிக்கோலோ மாக்கியவெல்லி. காரணம் சரிவரப் புலப்படவில்லை என்றும், மனிதர்களை ஆக்கவும் அழிக்கவும் தம்மால் முடியும் என்று காட்டுவது கோமகனின் விருப்பம் போலும் என்றும் அவர் தம் அரசுக்கு எழுதினார். கோமகன் என்று அவர் குறிப்பிட்டது போப் ஆறாம் அலெக்சாண்டரின் மகனான செஸாரே போர்ஜியாவை. ஒழுங்கற்றுக் கிடந்த ரொமாஞாவை அடக்குவதற்காகக் கொடியவரான ரெமிரோவை நியமித்தவரும் அவர்தாம். வேலை முடிந்தது, அமைதி வந்தது, கூடவே மக்களின் வெறுப்பும் வளர்ந்தது. அந்த வெறுப்பு தம்மேல் விழாதபடி, ஏவிய கருவியையே முறித்துச் சதுக்கத்தில் போட்டார் போர்ஜியா.

ஐந்து நாட்கள் கழித்து, டிசம்பர் 31 அன்று, செனிகாலியா என்னும் கடற்கரை ஊரில் இன்னொன்று நடந்தது. போர்ஜியாவின் படைத்தலைவர்கள் சிலர் அவருக்கு எதிராகச் சதி செய்து, பின்னர் உடன்படிக்கை செய்துகொண்டு சமாதானமாகியிருந்தார்கள். அவர்களை அவர் முகமலர்ச்சியோடு வரவேற்றார். உடன் அழைத்துச் சென்றார். உள்ளே நுழைந்ததும் சிறைப்பிடித்தார். விட்டெலோட்சோ விட்டெல்லி, ஒலிவெரோட்டோ என்ற இருவர் அன்றிரவே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். இந்த ஒலிவெரோட்டோவும் எளியவர் அல்லர். தந்தையை இழந்த தம்மை வளர்த்த தாய்மாமனை விருந்துக்கு அழைத்துக் கொன்று, ஃபெர்மோ நகரின் ஆட்சியைப் பிடித்தவர். தாம் செய்த அதே விதமாகத் தாமும் முடிந்தார்.

இவற்றையெல்லாம் அருகிலிருந்து கண்ட மாக்கியவெல்லி, பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிறு நூல் எழுதினார். தமிழில் ‘இளவரசன்’ என்று வழங்கப்பட்டாலும், மூலத்தின் தலைப்பு அரசனின் மகனைக் குறிப்பதன்று, ஆள்பவனையே குறிப்பது. 26 அத்தியாயங்கள் கொண்ட அந்நூல் அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1532-இல்தான் அச்சேறியது. 1559-இல் ரோமத் திருச்சபை அவருடைய நூல்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பெருஞ்சர்ச்சைக்கு உள்ளானது இந்த நூலின் பதினெட்டாம் அத்தியாயம். அரசன் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா என்பதே அங்கு எழும் கேள்வி.

நரியும் சிங்கமும்

அரசன் நரியாகவும் சிங்கமாகவும் இருக்கக் கற்க வேண்டும் என்பது மாக்கியவெல்லியின் விடை. சிங்கத்திற்குப் பொறி தெரியாது. நரிக்கு ஓநாய்களை எதிர்க்க வலிமை போதாது. ஆகவே இரண்டும் வேண்டும். வாக்கைக் காப்பது தனக்குக் கேடாகும்போதும், வாக்களித்த காரணங்கள் மறைந்துவிட்டபோதும் அறிவுள்ள அரசன் அதைக் காக்க வேண்டியதில்லை. மனிதர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் இந்த அறிவுரை தீயது. அவர்கள் அப்படி இல்லை என்பதால் இது தேவை என்கிறார். இரக்கம், நேர்மை, பக்தி ஆகியவை அரசனிடம் இருப்பதுபோல் தோன்ற வேண்டும். உண்மையில் எப்போதும் இருக்க வேண்டியதில்லை.

அக்காலக் கற்றோர் இந்த விலங்கு உவமையைப் படித்தவுடன் துணுக்குற்றிருப்பார்கள். ஏனெனில் அது புதிய உவமை அன்று. மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன் கற்ற எவரும் படித்த நூல் சிசரோவின் ‘கடமைகள்’. அநீதி வன்முறையாலும் வஞ்சகத்தாலும் நிகழ்கிறது, ஒன்று சிங்கத்திற்குரியது, மற்றது நரிக்குரியது, இரண்டும் மனிதனுக்கு ஒவ்வாதவை, அவற்றுள் வஞ்சகமே அதிகம் வெறுக்கத்தக்கது என்ற கருத்தை அந்த ரோமானியர் அதில் வைத்திருந்தார். மாக்கியவெல்லி அதே இரு விலங்குகளை எடுத்து, ஒவ்வாதவை என்ற இடத்தில் வேண்டியவை என்று எழுதிவிட்டார்.

இதனால் அவரைத் தீமையின் தூதுவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஐரோப்பா நெடுங்காலம் அப்படித்தான் செய்தது. அப்படி ஒதுக்கியவர்களுள் ஒருவர், மாக்கியவெல்லியை மறுத்து ஒரு முழு நூலே எழுதிய பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக். அந்த மறுப்பு நூல் 1740-இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், புதிதாக அரியணை ஏறியிருந்த அவர் பக்கத்து நாட்டின் சிலீசியா மாநிலத்தின் மீது படையெடுத்தார். மறுத்துப் பேசுவது மட்டும் போதாது என்பதற்கு அவரே சான்று. மாக்கியவெல்லி எழுப்பிய சங்கடத்தை அதன் முழுக் கனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்லவர் ஆண்ட ஊர்

அந்தச் சங்கடத்தின் பெயர் பியரோ சொடெரினி. 1502-இல் ஃபிளாரன்ஸ் குடியரசு அவரை வாழ்நாள் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பண்பட்டவர், பொறுமைசாலி, சட்டத்தை மீற மனம் வராதவர். நாடு கடத்தப்பட்டிருந்த மெடிச்சி குடும்பத்தின் ஆதரவாளர்கள் நகருக்குள்ளேயே சூழ்ச்சி செய்வதை அறிந்திருந்தும், பொறுமையாலும் நற்குணத்தாலும் அவர்களை வென்றுவிடலாம் என்று நம்பினார். மாக்கியவெல்லி அவரிடம் பணியாற்றியவர். அவருடைய நம்பிக்கைக்கு உரியவர்.

1512 ஆகஸ்டில் ஸ்பானியப் படை மெடிச்சிகளை மீண்டும் அமர்த்த வந்தது. ஃபிளாரன்ஸுக்கு அருகிலுள்ள பிராட்டோ நகரம் வீழ்ந்தது. சூறையாடலில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். சொடெரினி வெளியேறினார். குடியரசு முடிந்தது. மாக்கியவெல்லி பதவி நீக்கப்பட்டார். 1513 பிப்ரவரியில், தாம் அறியாத ஒரு சதியில் தம் பெயர் எழுதப்பட்ட காகிதம் சிக்கியதால் சிறையில் அடைக்கப்பட்டு, பின்னால் கட்டப்பட்ட கைகளில் கயிறு பிணைத்து மேலே தூக்கிக் கீழே விடும் சித்திரவதைக்கு ஆளானார். நற்குணம் ஆண்ட ஊரின் கதி இதுவென்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. பிற்காலத்தில் சொடெரினி இறந்தபோது, அவருடைய ஆன்மாவை நரகம்கூட ஏற்காது, குழந்தைகள் இருக்கும் இடத்திற்குத்தான் அனுப்பும் என்ற பொருளில் கேலிக் கவிதை ஒன்றும் எழுதினார்.

இன்னோர் எடுத்துக்காட்டும் அவர் மனத்தில் இருந்தது. ஃபிளாரன்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட பிஸ்தோயா நகரில் இரு கட்சியினர் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்துக்கொண்டிருந்தபோது, கொடியவர்கள் என்ற பெயர் வருமே என்று அஞ்சி ஃபிளாரன்ஸ் உறுதியாகத் தலையிடவில்லை. 1501-இல் அங்கு அனுப்பப்பட்ட மாக்கியவெல்லி அந்த அழிவை நேரில் பார்த்தார். கொடியவரான போர்ஜியா ரொமாஞாவுக்கு அமைதி தந்தார். கருணையுள்ளவர்கள் என்று பெயரெடுக்க விரும்பியவர்கள் பிஸ்தோயாவை அழிய விட்டார்கள். இரண்டில் எது கருணை? ஒருவர் தம் கைகள் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஊரார் இரத்தம் சிந்தலாமா? 1527 ஏப்ரலில் நண்பர் ஃபிரான்செஸ்கோ வெட்டோரிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தம் ஆன்மாவைவிடத் தம் நாட்டை அதிகம் நேசிப்பதாக மாக்கியவெல்லி சொன்னார். ஆன்ம நலத்தை நாடுவோர் கடந்து செல்லக்கூடிய சொல் அன்று அது. தன் ஆன்மாவை மட்டும் பேணிக்கொள்வதும் ஒருவகைத் தன்னலமே ஆகிவிடலாம் என்ற குத்தல் அதில் உண்டு.

ஆயினும் சொடெரினியின் வீழ்ச்சிக்கு நேர்மைதான் காரணமா? இதற்கு விடையை மாக்கியவெல்லியே வேறோர் இடத்தில் தந்திருக்கிறார். லிவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியரின் நூலுக்கு அவர் எழுதிய ‘உரைகள்’ என்னும் பெரிய நூலில், 1512 நிகழ்ச்சிகளை மீண்டும் எடுத்துப் பேசுகிறார். உணவின்றித் தவித்த ஸ்பானியப் படை உடன்பாட்டுக்கு முன்வந்தது; ஃபிளாரன்ஸ் மக்கள் செருக்குற்று அதை ஏற்கவில்லை; அதனால் கெட்டார்கள் என்கிறார். அப்படியானால் பிராட்டோவின் இரத்தத்திற்கு வாக்குத் தவறாமை பொறுப்பாகாது. செருக்கும், காலத்தில் முடிவெடுக்காத தயக்கமும் பொறுப்பு. பிஸ்தோயாவிலும் அப்படியே. கலகக்காரரை அடக்க ஃபிளாரன்ஸ் யாரையும் வஞ்சிக்க வேண்டியிருக்கவில்லை. உறுதியாக நின்றிருந்தால் போதும். கண்டிப்பையும் வஞ்சகத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்று வேண்டுமானால் மற்றதையும் வாங்கத்தான் வேண்டும் என்று விற்பதில் ‘இளவரசன்’ நூலின் சாமர்த்தியம் இருக்கிறது. படிப்பவர் பலர் இந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

வல்லவனுக்கு வல்லவன்

போர்ஜியாவின் கதை செனிகாலியாவோடு முடியவில்லை. அது முடிந்த விதத்தையும் மாக்கியவெல்லி நேரில் கண்டார்.

1503 ஆகஸ்ட் 18 அன்று போப் ஆறாம் அலெக்சாண்டர் இறந்தார். அதே வேளையில் மகனும் கடும் நோயில் கிடந்தார். அடுத்து வந்த போப் ஒரு மாதத்திற்குள் காலமாக, மீண்டும் தேர்தல் வந்தது. வேட்பாளர்களுள் முதன்மையானவர் கார்டினல் ஜூலியானோ தெல்லா ரோவெரே. போர்ஜியா குடும்பத்தின் நெடுநாள் பகைவர். அலெக்சாண்டரின் ஆட்சியில் பல ஆண்டுகள் பிரான்சில் ஒதுங்கி வாழ நேர்ந்தவர். ஸ்பானியக் கார்டினல்களின் வாக்குகள் போர்ஜியாவின் பிடியில் இருந்தன. ரோவெரே பேரம் பேசினார். தமக்கு ஆதரவு தந்தால் திருச்சபைப் படையின் தலைமைப் பொறுப்பு போர்ஜியாவுக்கே என்றும், ரொமாஞாவும் அவரிடமே இருக்கும் என்றும் வாக்களித்தார். போர்ஜியா அதை நம்பினார்! நவம்பர் 1 அன்று ரோவெரே, இரண்டாம் ஜூலியஸ் என்ற பெயரில் போப் ஆனார். சில வாரங்களில் போர்ஜியா கைதியானார். 1504-இல் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார், தப்பியோடினார், 1507 மார்ச்சில் நவார் நாட்டின் வியானா என்ற சிற்றூருக்கு வெளியே, ஒரு சிறு மோதலில், 31 வயதில் கொல்லப்பட்டார்.

அந்த நவம்பரில் ரோமில் இருந்த மாக்கியவெல்லி, தம் சொல்லைவிடப் பிறர் சொல் உறுதியானது என்று கோமகன் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று வியந்து தம் அரசுக்கு எழுதினார். பின்னர் ‘இளவரசன்’ நூலில், பழைய காயங்களைப் புதிய நன்மைகள் மறக்கடிக்கும் என்று எண்ணியது போர்ஜியாவின் பிழை என்று குறித்தார். அவருக்கு அது ஒரு கணக்குப் பிழை. ஏமாற்றுபவனுக்கு ஏமாறத் தயாராக இருப்பவன் எப்போதும் அகப்படுவான் என்ற கருத்தையும் பதினெட்டாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறார். அப்படி அகப்பட்டவர்களின் வரிசையில், நூலின் நாயகர் போன்ற போர்ஜியாவும் நிற்கிறார் என்பதை அவர் அங்கே சேர்த்துச் சொல்லவில்லை.

இதைக் கணக்குப் பிழை என்று விட்டுவிட முடியுமா? நோயுற்ற, தந்தையை இழந்த, பகைவர்களால் சூழப்பட்ட ஒருவருக்கு அன்று தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: மற்றொருவர் தம் சொல்லைக் காக்க வேண்டும். அதை ஏமாளித்தனம் என்பது எளிது. ஆனால் எந்த அரசனும், எவ்வளவு வல்லவனாயினும், ஒரு நாள் அந்த இடத்திற்கு வந்தே தீருகிறான். உறங்கும்போது காவலனை நம்புகிறான். உண்ணும்போது சமையற்காரனை நம்புகிறான். நோயில் மருத்துவனை நம்புகிறான். வஞ்சகம் பிறருடைய நேர்மையை உண்டு வாழ்கிறது. எல்லாரும் நேர்மையாக இருக்கும் ஊரில் ஒரு நரிக்கு வேட்டை மிகுதி. எல்லாரும் நரியாகிவிட்ட ஊரில் நரிக்கும் உணவில்லை.

இத்தாலி அப்படிப்பட்ட ஊராக மாறிக்கொண்டிருந்தது. 1508-இல் போப், பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மானியப் பேரரசர் ஆகியோர் வெனிஸை அழிக்க காம்ப்ரே என்ற இடத்தில் கூட்டணி அமைத்தனர். 1510-இல் போப் தனியே வெனிஸுடன் சமாதானமானார். 1511-இல் அதே வெனிஸையும் ஸ்பெயினையும் சேர்த்துக்கொண்டு பிரான்சுக்கு எதிராகக் கூட்டணி அமைத்தார். 1513-இல் வெனிஸ், தன்னை அழிக்க வந்த பிரான்சுடனேயே கைகோத்தது. கையெழுத்தின் மை உலருமுன் ஒப்பந்தங்கள் மாறின. ஒவ்வொரு நகரமும் தன்னைக் கெட்டிக்கார நரி என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்நியப் படைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அத்தனை நகரங்களையும் மிதித்தன.

இந்த இழிவு மாக்கியவெல்லியின் நெஞ்சைச் சுட்டது. ‘இளவரசன்’ நூலின் கடைசி அத்தியாயம் அதனால்தான் முந்தியவற்றின் குளிர்ந்த குரலிலிருந்து விலகி, கண்ணீர்க் குரலாக ஒலிக்கிறது. அந்நியரிடமிருந்து இத்தாலியை மீட்க ஒரு தலைவன் வரமாட்டானா, வந்தால் எந்தக் கதவு அவனுக்கு மூடியிருக்கும், எந்த மக்கள் கீழ்ப்படிய மறுப்பார்கள் என்று ஏங்குகிறார். வாக்கை மீறக் கற்றுக்கொடுத்த பதினெட்டாம் அத்தியாயத்தைப் படித்துத் தேர்ந்த ஒரு தலைவன் அப்படி வந்திருந்தால், எந்த நகரம் அவனுக்குக் கதவைத் திறந்திருக்கும்? ‘நீங்கள் என்னுடன் சேர்ந்தால் உங்கள் உரிமைகளைக் காப்பேன்’ என்று அவன் சொன்னால், செனிகாலியாவை நினையாதவர் யார்? நூலின் முடிவிலுள்ள கனவை நூலின் நடுவிலுள்ள அறிவுரையே கலைத்துவிடுகிறது. இத்தாலி ஒரே அரசாக அறிவிக்கப்பட 1861 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உறுதிமொழியின் விலை

வாக்கின் வலிமை மாக்கியவெல்லிக்குத் தெரியாததன்று. கூலிப்படைகளை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்தார். கூலிக்கு மட்டும் கட்டுப்பட்டவன் உயிரைத் தர மாட்டான் என்பது அவர் வாதம். பைசா நகர முற்றுகையில் துரோகம் செய்ததாக ஐயுற்று, தன் சொந்தக் கூலிப்படைத் தலைவர் பாவ்லோ விட்டெல்லிக்கே ஃபிளாரன்ஸ் 1499-இல் மரண தண்டனை விதித்ததை அவர் கண்டிருந்தார். வேலியே பயிரை மேயும் அந்த நிலை மாற, உழவர்களைத் திரட்டிக் குடிபடை ஒன்றை 1506-இல் உருவாக்கினார். 1509-இல் பைசா மீண்டும் ஃபிளாரன்ஸ் வசமானபோது அந்தப் படைக்கும் அதில் பங்கு இருந்தது. 1512-இல் பிராட்டோவில் அதே குடிபடை சிதறி ஓடியது என்பதும் உண்மை. கற்றுத்தரப்பட்ட ஒழுங்கு போதவில்லையா, காக்கத்தக்கது என்று நம்பிய ஒன்று இல்லையா என்பதை வரலாறு தெளிவாகச் சொல்வதில்லை.

‘உரைகள்’ நூலில் பழைய ரோமானியரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரலில் ஏக்கமே தொனிக்கிறது. அவர்கள் சட்டத்தை மீறுவதைவிட உறுதிமொழியை மீறவே அதிகம் அஞ்சினார்கள் என்கிறார். கி.மு. 216-இல் கன்னேயில் ரோம் படுதோல்வி அடைந்ததும் நாட்டை விட்டு ஓட எண்ணியவர்களை, இளைஞரான ஸ்கிப்பியோ உருவிய வாளுடன் சென்று, நாட்டைக் கைவிடுவதில்லை என்று ஆணையிட வைத்தார். நாட்டின் மீதுள்ள அன்பும் சட்டமும் நிறுத்த முடியாதவர்களை ஓர் ஆணை நிறுத்தியது. உடன்படிக்கைகளைக் காப்பதில் அரசர்களைவிடக் குடியரசுகள் நம்பத்தக்கவை என்றும் அதே நூலில் எழுதுகிறார். ரோமின் பெருமையை இப்படி உறுதிமொழியில் கண்டவர், தம் காலத்து அரசனுக்கு அதை மீறும் வழியைச் சொன்னார். நோயாளிக்கு உணவு செரிக்காது என்று முடிவு செய்துவிட்ட மருத்துவரைப் போல.

அவர் காலத்திலேயே வேறு குரல்களும் இருந்தன. 1516-இல், ‘இளவரசன்’ இன்னும் அச்சேறாத நிலையில், எராஸ்மஸ் ‘கிறிஸ்தவ அரசனின் கல்வி’ என்ற நூலைப் பின்னாளில் பேரரசரான இளம் சார்லஸுக்கு அர்ப்பணித்தார். பிறர் ஆணையிட்டுச் சொல்வதைவிட அரசனின் வெறும் சொல் புனிதமாக இருக்க வேண்டும். நீதியை மீறாமல் அரியணையைக் காக்க முடியாதென்றால் அரியணையை விட்டுவிட வேண்டும் என்பது அவர் நிலை. சரியான அறிவுரைதான், ஆனால் பிராட்டோ எரியும்போது அரியணையை விட்டு இறங்குபவன் அந்த ஊருக்கு என்ன செய்தான் என்று மாக்கியவெல்லி கேட்டிருப்பார். எராஸ்மஸின் நூலில் அதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை.

அதே ஆண்டு எராஸ்மஸின் நண்பர் தாமஸ் மோர் ‘உடோபியா’வை வெளியிட்டார். அந்தக் கற்பனைத் தீவினர் எந்த நாட்டோடும் உடன்படிக்கை செய்வதில்லை. எங்கும் அவை மீறப்படும்போது எழுதி என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. ஐரோப்பாவிலோ மன்னர்களும் போப்பாண்டவர்களும் உடன்படிக்கைகளை எவ்வளவு புனிதமாகக் காக்கிறார்கள் என்று மோர் அங்கே முகத்தில் சிரிப்பில்லாமல் எழுதுகிறார். காம்ப்ரே கூட்டணியை மறவாத வாசகர்கள் சிரித்திருப்பார்கள். பிறகு அவருக்கே சோதனை வந்தது. மன்னர் எட்டாம் ஹென்றியின் மறுமணத்தையும் வாரிசையும் ஏற்கும் உறுதிமொழியை எடுக்கும்படி 1534-இல் அவரிடம் கேட்டார்கள். மனத்தில் ஏற்காமல் வாயால் சொல்லிவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். பலர் அப்படிச் செய்தார்கள். அவர் மறுத்தார். 1535 ஜூலை 6 அன்று தலை வெட்டப்பட்டது. மோரையும் குறையற்றவர் என்று சொல்வதற்கில்லை. அவர் அமைச்சராக இருந்த காலத்தில் சமயக் கருத்து மாறுபட்ட சிலர் எரிக்கப்பட்டனர். ஆயினும் பொய்யாக ஒரு சொல் சொல்வதன் விலையை அவர் எப்படி மதிப்பிட்டார் என்பது அந்த ஜூலை காலையில் தெரிந்தது.

சாணக்கியரின் பெயர் இந்த இடத்தில் இந்திய வாசகர் மனத்தில் எழும். ஒப்பிட்டவர்களும் உண்டு. 1919-இல் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர், ‘அர்த்தசாஸ்திர’த்தோடு ஒப்பிட்டால் ‘இளவரசன்’ தீங்கற்றது என்றார். துறவி வேடமிட்ட ஒற்றர்களும் பிணைக்கைதியைத் தப்பவைக்கும் வழிகளும் கௌடில்யரின் நூலில் இருப்பதால் அந்தக் கருத்து அடிப்படையற்றதன்று. ஆனால் வெபர் குறிப்பிடாத இரண்டு செய்திகள் அந்நூலில் உண்டு. ஒன்று, ஆட்சிக்கலைக்குள் நுழையுமுன் அரசன் புலன்களை வெல்ல வேண்டும் என்று தொடக்கத்திலேயே வைத்து, வெல்லாமல் அழிந்தவர்களாக இராவணனையும் துரியோதனனையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. மற்றது, சத்தியத்தாலும் ஆணையாலும் செய்த உடன்படிக்கை நிலையற்றது, பிணைக்கைதி கொடுத்துச் செய்ததே உறுதியானது என்ற முன்னோர் கருத்தை எடுத்துக் கூறி, கௌடில்யர் அதை மறுக்கிறார். சத்தியத்தின் மேல் நின்ற உடன்பாடு இம்மையிலும் மறுமையிலும் நிலையானது, பிணையின் மேல் நின்றது இம்மைக்கு மட்டும், அதுவும் வலிமை உள்ளவரை என்கிறார். சூழ்ச்சியை விரிவாகக் கற்பித்தவரும், சூழ்ச்சியால் எட்ட முடியாத ஓர் உறுதி உண்டு என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார்.

மாக்கியவெல்லி எங்கே ஒப்புக்கொண்டார்? நூலில் இல்லை, ஒரு கடிதத்தில்.

சாந்தாந்திரேயாவிலிருந்து ஒரு கடிதம்

1513-இல் சிறையிலிருந்து விடுபட்டதும் அவர் ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே சாந்தாந்திரேயா என்ற சிற்றூரிலிருந்த தம் நிலத்துக்குச் சென்றார். டிசம்பர் 10 அன்று அங்கிருந்து ரோமிலிருந்த வெட்டோரிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ்பெற்றது. காலையில் மரம் வெட்டுபவர்களோடு வாக்குவாதம். பிறகு சாலையோரச் சத்திரத்தில் கசாப்புக்காரர், மாவரைப்பவர், சூளை வேலைக்காரர் ஆகியோருடன் காசுக்காகக் கூச்சலிட்டுச் சீட்டாட்டம். மாலையில் வீடு திரும்பி, சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவைக்குரிய உடையணிந்து, பழைய நூல்களுக்குள் நுழைந்து முன்னோருடன் உரையாடுதல். அந்த நான்கு மணி நேரம் வறுமையும் மரணமும் அவரை அச்சுறுத்துவதில்லை. பலரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

அதற்குப் பின் வரும் சில வரிகளைக் குறிப்பிடுவோர் குறைவு. ஆட்சிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருப்பதாக நண்பருக்குத் தெரிவிக்கிறார், அதுதான் ‘இளவரசன்’. மெடிச்சிகள் தமக்கு ஏதாவது ஒரு வேலை, கல் உருட்டும் வேலையாயினும், தர வேண்டும் என்கிறார். பழைய குடியரசின் ஊழியரை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? அதற்கும் விடை எழுதுகிறார். தம் விசுவாசத்தை எவரும் ஐயுற வேண்டியதில்லை. இதுவரை வாக்குக் காத்துவந்தவர் இனிப் போய் வாக்குத் தவறக் கற்கப்போவதில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் நேர்மையாக இருந்தவரின் இயல்பு மாறாது. அந்த நேர்மைக்குத் தம் வறுமையே சாட்சி என்கிறார்.

எழுதியவர் பொய் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தும் அவர் கையூட்டில் செல்வம் சேர்த்தவர் அல்லர். வாக்கை மீறுவதற்கு இலக்கணம் வகுத்த நூலைப் பற்றிய செய்தியையும், தம் வாக்கை நம்பும்படியான வேண்டுகோளையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறோம் என்பதை அவர் உணர்ந்தாரா? கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை. மெடிச்சிகள் அவரை உடனே அழைக்கவும் இல்லை. 1520-இல்தான் ஃபிளாரன்ஸின் வரலாற்றை எழுதும் பணியைத் தந்தார்கள். பிறகு நகர மதில்களைப் பார்வையிடும் பொறுப்பும் வந்தது.

1527 மே 6 அன்று பேரரசரின் படை ரோமைச் சூறையாடியது. செய்தி எட்டியதும் ஃபிளாரன்ஸ் மக்கள் மெடிச்சிகளைத் துரத்திவிட்டுக் குடியரசை மீட்டார்கள். மாக்கியவெல்லி மகிழ்ந்தார், தம் பழைய பதவி திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். அச்சேறாத ‘இளவரசன்’ அதற்குள் கையெழுத்துப் படிகளாகப் பலர் கைகளில் உலவியிருந்தது. அந்த நூலால் அவரை எல்லாரும் வெறுத்தார்கள் என்று பிற்பாடு பூசினி என்ற ஃபிளாரன்ஸ்காரர் எழுதினார். தங்கள் சொத்தைப் பறிக்கக் கற்பித்த நூல் என்று பணக்காரர்கள் எண்ணினார்களாம். தங்கள் சுதந்திரத்தைப் பறிக்கக் கற்பித்த நூல் என்று ஏழைகள் எண்ணினார்களாம். ஜூன் மாதத்தில் அந்தப் பதவி வேறொருவருக்குத் தரப்பட்டது. சில நாட்களில் மாக்கியவெல்லி நோயுற்றார். ஜூன் 21 அன்று தம் 58-ஆம் வயதில் காலமானார். சாந்தா குரோச்சே ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.